படிக்கட்டில் நின்றவர்

மார்ச் 6, வெள்ளி. இர்விங், டெக்சாஸ்.
காலையிலிருந்து பேய்க்காற்று. மகள் வீட்டுப் பால்கனி நாற்காலிகளைக் கட்டி வைத்தேன். நாளை மாலை அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் சினிமா. பழைய குற்றக் கதை: ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் நின்ற ஒரே காரணத்துக்காகக் கறுப்பர் ஒருவரைக் கொலைகாரர் ஆக்குகிறார்கள். அறிமுக உரை என்னுடையது. ஐந்து நிமிடம் போதும்.

மதியம் எங்கள் பிளாக் வாட்ஸப் குழுவில் எதிர்வீட்டு ரேவதி போட்ட போட்டோ. நேற்று அவள் வாசல் கேமராவில் பதிந்தது. தலையை மூடிய ஸ்வெட்டரில் ஒரு கறுப்பர், படிக்கட்டில், கதவு எண்களைப் பார்த்தபடி.

"அங்கிள், நீங்க பேப்பர்ல இருந்தவரு. லீசிங் ஆபீசுக்கு அனுப்புற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்களேன்."

எழுதினேன். மணி, உயரம், உடை. 'சந்தேகத்துக்கு இடமான முறையில் நடமாட்டம்.' முப்பது வருடம் க்ரைம் செய்தி எழுதிய கை. பத்து நிமிட வேலை. ரேவதி இங்கிலீஷில் மாற்றி, பெயர் போடாமல் அபார்ட்மென்ட் ஆபீசுக்கு அனுப்பிவிட்டாள்.

மார்ச் 7, சனி.
காற்று அடங்கியது. சினிமாவுக்கு இருபது பேர். சுண்டல் மிச்சம். முடிவில் ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காலத்துல எவ்ளோ கொடுமை, அங்கிள்." தலையாட்டினேன்.

நாற்காலிகளை மடக்கும்போது மேல்வீட்டு ஃபாரூக் வந்தார். அவருடைய அத்தாவுக்குப் பக்கவாதம். கை கால் பயிற்சி கொடுக்க வருபவர் பெயர் மார்கஸ். வியாழன் முதல் நாள், வீடு தெரியாமல் தேடியிருக்கிறார். நேற்று மாலை மறுபடி வந்தபோது ஆபீஸ் போலீஸைக் கூப்பிட்டுவிட்டது. முக்கால் மணி நேரம் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். புகார் தீரும்வரை அவரை அனுப்பும் ஏஜென்சி வேலை தராது.

"புகாரைக் காட்டுனாங்க சார். மணி, உயரம், ஸ்வெட்டர் கலர், எல்லாம் கரெக்ட். அவர் என்ன தப்பு பண்ணாருன்னு மட்டும் அதுல இல்ல."

எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு.
வெயில் காலத்துக்காக இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய நாள். தூக்கம் சரியில்லை. ரேவதி போனில்: பெயரில்லாமல் போனது அப்படியே இருக்கட்டுமாம். மகளிடம் விஷயத்தையும், திருத்தம் எழுதித் தரப்போவதையும் சொன்னேன்.

"அப்பா, கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இப்ப போயி உங்க பேர்ல கையெழுத்தெல்லாம் வேணாம்ப்பா."

நியாயமான பயம்.

பத்திரிகையில் திருத்தம் உள்பக்க மூலையில் போகும். எழுதியவன் பெயர் இருக்காது. எத்தனை போட்டிருப்பேன்.

மார்ச் 9, திங்கள்.
ஒன்பது மணி, ஆபீஸ். திருத்தம் ஆறு வரி. கீழே என் பெயர், வீட்டு எண், கையெழுத்து. மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

புகார் விஷயமாக மார்கஸும் வந்திருந்தார். தாளை இரண்டு முறை படித்தார். எந்த ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன்.