கலெக்டரும் அப்பாவின் கும்பாவும்

10-11-86, திங்கள்

விடாத தூறல். கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. எழுந்ததும் முதல் வேலை, கூடத்தில் மூத்திரம் துடைத்தது. தொடர்ந்து மூன்றாம் நாள். கலெக்டரின் கைங்கரியம்.

இதை யாராவது படித்தால் என் டைப்பிஸ்ட் வேலைக்கே உலை. கலெக்டர் எங்கள் நாய். திண்டிவனம் தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் டபேதாராக நின்றே காலம் தள்ளிய அப்பா வைத்த பெயர். சாயங்காலமானால் "கலெக்டர், வெளிய போ", "கலெக்டர், குந்து" என்று உத்தரவு போட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

வயசு பதினொன்று. இத்தனை வருஷத்தில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. புழக்கடைக் கதவைப் பிறாண்டும், திறந்தால் நேரே முருங்கை மரத்தடி. அப்படி மரியாதைப்பட்ட நாய்.

அப்பா போய் இன்று ஆறாம் நாள்.

செய்ய வேண்டியது:
– பினாயில்
– பழைய சாக்கு 2
– கருமாதிப் பத்திரிகை (20, வியாழன்). பிரஸ்ஸில் அப்பா இனிஷியல் தப்பு
– லீவு லெட்டர். 13 முதல் டூட்டி

அம்மா நாயைத் திட்டவே இல்லை. அவள் கவனமெல்லாம் கும்பாவில். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில், தலைமாட்டில் விளக்கு. பக்கத்தில் அவர் கஞ்சி குடிக்கும் அகன்ற வெண்கலக் கும்பா நிறையத் தண்ணீர். பதினாறு நாளும் பொழுது சாய்ந்ததும் நிரப்ப வேண்டும். ராத்திரி வந்து குடிப்பாராம். காலையில் பார்த்தால் முக்கால்வாசி காலி.

"பாத்தியாடி விஜி, உங்கப்பா வந்து குடிச்சிட்டுப் போயிருக்காரு."

அவள் முகம் தெளிவது அந்த ஒரு நேரம்தான். எலியாக இருக்கும் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

11-11, செவ்வாய்

மறுபடியும் கூடம் ஈரம்.

அம்மாவுக்கு அந்தக் காலிக் கும்பா ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி அப்பா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் ஆபரேஷன், ஒரு வாய் கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா பஞ்சில் நனைத்து உதட்டைத் துடைத்ததோடு சரி. விடிவதற்குள் போய்விட்டார். "நாக்கு வறண்டு போனாருடி." ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிறாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நானும் தரவில்லை.

கலெக்டரின் தண்ணீர்ச் சட்டியை இன்று முதல் ஐந்து மணிக்கே எடுத்துவிட்டேன். உள்ளே போனால்தானே வெளியே வரும். என் மூளையே மூளை.

13-11, வியாழன்

லீவு முடிந்தது. 7.20 பாசஞ்சர், நின்றுகொண்டே விழுப்புரம் வரை. துக்கம் கேட்டவர்கள் நால்வர். கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர்கள் இருவர். அவர்களைத்தான் பிடித்தது.

காலையில் கிளம்பும் அவசரத்தில் கூடத்தில் வழுக்கி விழப் பார்த்தேன். கோபத்தில் விளக்குமாற்றால் கலெக்டருக்கு ஒன்று வைத்தேன். ஓடவில்லை. அப்படியே நின்று வாங்கிக்கொண்டது. ஆபீசில் ஒரே கடிதத்தில் நான்கு தப்பு.

14-11, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் விழுப்புரம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்.

"தண்ணி நெறைய குடிக்குதா?"

"சாயங்காலமே சட்டிய எடுத்துடறோம், டாக்டர்."

ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "அப்பிடிப் பண்ணாதீங்கம்மா. இந்த வயசுல கிட்னி போயிடும். உள்ள நிக்காது, அதான் தாகம். தண்ணிய நிறுத்தினா ஜல்தியா முடிஞ்சிடும். வேணும்னா பண்ணுது அது? ராத்திரி ரெண்டு தபா கதவத் தொறந்து வுடுங்க, போதும்."

எவ்வளவு நாள் தாங்கும் என்றேன். "கூட்டிக்கினு வாங்க, பாக்கலாம்." கன்றுக்குட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. சட்டியை நான் எடுத்த பிறகும் கூடம் குளமாக இருந்ததே. தண்ணீர் எங்கிருந்து?

பின்குறிப்பு, விடிகாலை. தூங்காமல் படுத்திருந்தேன். கலெக்டர் எழுந்து புழக்கடைக் கதவை மெள்ளப் பிறாண்டியது, ஒரே ஒரு தரம். அந்தச் சத்தத்துக்கு எழுந்து போகிறவர் அப்பா மட்டும்தான். நானும் அம்மாவும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கியிருக்கிறோம், தினமும். கொஞ்ச நேரம் கதவைப் பார்த்து நின்றது. பிறகு விளக்கடிக்கு வந்து அப்பாவின் கும்பாவில் வாய் வைத்தது. வெகு நேரம் குடித்தது.

கேட்டவருக்கும் தரவில்லை, கேட்கத் தெரியாததற்கும் தரவில்லை. நல்ல வீடு.

16-11, ஞாயிறு

நேற்று ராத்திரி, முன்பு அப்பா செய்ததுபோல், படுக்கும்முன் சட்டி நிறையத் தண்ணீர் வைத்தேன். இரண்டு தடவை கதவைத் திறந்துவிட்டேன். காலையில் கூடம் காய்ந்து கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தால், கும்பா தளும்பத் தளும்ப அப்படியே இருக்கிறது. அதன் எதிரில் அம்மா.

"நேத்து வரலடி. எம்மேல கோவம்."

காப்பி கூட வேண்டாம் என்றுவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால், இத்தனை நாள் குடித்ததும் அப்பா இல்லை என்றாகும். சொல்லவில்லை.

மத்தியானம் கண்டமங்கலத்திலிருந்து அண்ணன். நுழைந்ததும் மூக்கைப் பிடித்தான். "கருமாதிக்கு நாலு ஜனம் வரும். வூடு பூரா நாத்தம், ஒரே பேஜாரு. எங்க மில்லு வேன் வர்றப்ப இட்டுக்கினு போய் பெருமுக்கல் மலையாண்ட வுட்டுட்டு வந்துடறேன்."

"ஒடம்பு சரியில்லண்ணா அதுக்கு. டாக்டரக் கேட்டேன்."

"நாய்க்கு டாக்டரா? அப்பாவுக்கே ஒண்ணும் பண்ண முடியல."

சொன்ன பிறகு அவனே சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான். அப்பா போனதிலிருந்து அவன் அழுது இன்றுதான் பார்க்கிறேன். அம்மா மட்டும் பேசினாள்: "அவரு வளத்ததுடா. பதினாறு முடியட்டும்." பதினேழாம் நாள் வேன் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

17-11, திங்கள்

அம்மா தூங்கிய பிறகு கும்பாத் தண்ணீரில் முக்கால்வாசியை முருங்கைக்கு ஊற்றினேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி. கலெக்டர் கூடவே வந்து பார்த்தது. சாட்சி.

காலையில்: "வந்துட்டாருடி!" இரண்டு இட்லி சாப்பிட்டாள். நான் குளியலறையில் போய் அழுதேன்.

18-11, செவ்வாய்

மழை, ரயில் லேட். ஸ்டேஷனில் "சூடா மல்லாட்ட, வேகவெச்ச மல்லாட்ட." அப்பா தினமும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி வருவார், பாதி கலெக்டருக்கு. நானும் வாங்கினேன். உரித்து மூக்கருகே வைத்தேன். முகர்ந்து பார்த்தது, என் கையை நக்கியது, தின்னவில்லை. தண்ணீர் மட்டும்.

நாளை லீவு. வண்டி பிடித்தாவது டாக்டரிடம்.

விளக்குமாறு நினைவு வந்துகொண்டே இருக்கிறது.

19-11, புதன்

கலெக்டர் இல்லை.

ராத்திரி கதவுப் பக்கம் தலையைத் திருப்பியது. எழுந்து நிற்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு போய் முருங்கையடியில் விட்டேன். என் காலில் சாய்ந்துகொண்டு மூத்திரம் போயிற்று. உள்ளே வந்து தண்ணீர் குடித்தது, என் கையிலிருந்தே. வேண்டிய மட்டும் குடித்தது. விடிந்து பார்த்தால் விறைத்திருந்தது. அதற்கு விரித்த சாக்கு காய்ந்துதான் கிடந்தது.

கருமாதி வேலைக்காக வந்த அண்ணன் குழி தோண்டினான். யாரும் சொல்லாமலே இடுப்பளவு ஆழம். கை கழுவும்போது, "வேன் வேணாம்னு சொல்லிடறேன்" என்றான். நாளைக் காலை அண்ணியை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனான்.

அம்மா சாயங்காலம் கும்பாவை நிரப்பி வைத்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

20-11, வியாழன்

கருமாதி. மழை விட்டிருக்கிறது. ஐயர் ஒன்பது மணிக்கு. வாழை இலை இன்னும் வரவில்லை.

நேற்று அசந்து தூங்கிவிட்டேன். கும்பாவைக் கொட்ட மறந்தே போனது. நாலரைக்குத்தான் விழித்தேன். கடைசி நாளும் அதுவுமாக நிறைந்த கும்பாவை அம்மா பார்த்தால்? எழுந்து ஓடினேன்.

கும்பா காலி. அடியில் ஒரு சொட்டு இல்லை.

நான் கொட்டவில்லை. கலெக்டர் இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

அம்மா விளக்கடியில் உட்கார்ந்திருந்தாள். மோவாயில் ஈரம். முந்தானையும் ரவிக்கையின் முன்பக்கமும் நனைந்து ஒட்டியிருந்தன.

"ரெண்டு பேரும் வந்து குடிச்சிட்டுப் போயிருக்காங்கடி" என்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

ஆமாம்மா என்றேன்.