இரண்டாவது பொட்டலம்

சேசு மரி சூசை துணை

காரைக்கால், 14.3.1988

அன்புள்ள எலேனுக்கு,

மரியசெல்வம் எழுதறது. அம்மாவும் நானும் சுகம். அங்கே குளிர் விட்டுதா?

நம்ம சென்டர்ல இருக்கிற அஞ்சு கம்ப்யூட்டருக்கும் பாரீசிலேர்ந்து அஞ்சு பொட்டலம் பிளாப்பி கட்டி அனுப்பி உனக்குக் கை ஓஞ்சிருக்கும். இனிமே அந்தப் பாடு கிடையாது. பெரிய மெஷின்ல ஹார்ட் டிஸ்க் போட்டாச்சு. நீ அனுப்பற புரோகிராமை அதுல ஒரு தடவை ஏத்திவெச்சா, மத்த நாலும் ஒயர் வழியா அதுகிட்டேர்ந்து எடுத்துக்கும். என் கூட்டாளி கமாலுதீன் ஒரு வாரம் மேஜைக்கு அடியிலேயே கிடந்து இழுத்த ஒயர். ஒரு பொட்டலம் போதும்னு அவன்கிட்டயும் சொல்லிட்டேன்.

சென்டரை விட்டுட்டு வர மனசு வருமான்னு நீ கேட்கறது சரியில்லை. கல்யாணமாகி மூணு வருஷம், சேர்ந்திருந்தது நாப்பது நாள். என்னை அங்கே அழைச்சுக்கிறதுக்கான விசா ஃபாரத்தை அனுப்பு. மத்ததை அப்புறம் பார்ப்போம்.

உன் அன்புள்ள
மரியசெல்வம்

காரைக்கால், 27.6.1988

எலேனுக்கு,

பிளாப்பி வந்து சேர்ந்தது. கமாலுதீன் போஸ்டாபீஸ்லேர்ந்து வாங்கிட்டு வந்து அன்னிக்கே ஏத்திட்டான். அரை மணியில அஞ்சு மெஷினுக்கும் போயிடுச்சு.

ஃபாரம் ஃபாரம்னு இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். இங்கே எனக்கு நிறைய வேலை இருக்கு.

மரியசெல்வம்

பாரீஸ், 12.9.1988

அன்புள்ள உங்களுக்கு,

ஜூன் மாசம் நீங்க எழுதினது கிடைச்சுது. நாலு வரி. அதுலயும் பாதி மெஷினைப் பத்தி.

நீங்க வேணாம்னாலும், வழியில ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு பொட்டலமா அனுப்பினேன். ஒண்ணுல கடிதமும் ஃபாரமும் வெச்சேன். வர்றதா இருந்தா ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, விருப்பமில்லைன்னா பேசாம இருந்துடுங்கன்னு எழுதியிருந்தேன். தொந்தரவு பண்ண மாட்டேன்னு நாசூக்கா சொல்லிட்டீங்க. அப்படியும் கடைசி நாள்வரைக்கும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

கெஞ்சி ஒருத்தரைக் கூட்டிவந்து குடும்பம் நடத்த முடியாதுங்க. இந்த வீட்டை இருபதாம் தேதி காலி பண்றேன். புது விலாசம் அங்கே அப்பாகிட்ட இருக்கு. உங்களுக்குக் கொடுக்க வேணாம்னு சொல்லியிருக்கேன். கோவமில்லை, அசந்துபோச்சு. உடம்பைப் பார்த்துக்குங்க.

எலேன்

காரைக்கால், 26.9.1988

என் எலேனுக்கு,

உன் கடிதம் இன்னிக்குக் காலையில வந்தது. ரெண்டு பொட்டலம் வந்ததே எனக்குத் தெரியாது. பிரிச்சதுல ஒரு வரி எழுத்தைக் காணோமேன்னு ரோஷப்பட்டு அந்த நாலு வரியை எழுதித் தொலைச்சேன்.

கமாலுதீனைக் கேட்டேன். "ஒண்ணே போதும்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னு அலமாரியைத் திறந்து எடுத்துக்கொடுத்தான். கட்டின நூல்கூட அவிழல. அவன் மேல குத்தமில்லை.

உங்க அப்பாகிட்ட ஓடினேன். வாசல்லயே நிக்கவெச்சுப் பேசினார். விலாசம் தரல. நீ காலி பண்ணின வீட்டுக்கே இதை அனுப்பறேன். உன் கைக்கு வராதுன்னு தெரியும். எனக்கு வேற விலாசம் இல்லை.

மே மாசம் நீ எழுதினதை இப்பத்தான் படிச்சேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டிருக்கே. ஆச்சு, நல்லாத் தெரியுதாம். கம்பளிச் சட்டைக்கு அளவு கேட்டிருக்கே. முப்பத்தெட்டு. வர்றீங்களான்னு கேட்டிருக்கே.

வர்றேன், எலேன்.

மரியசெல்வம்