ஒரே கூரைக்கு இரண்டு விண்ணப்பம்

மார்ச் 4, செவ்வாய்

மொட்டைமாடி வெயில் படுக்கையறைக்குள் இறங்கிக் குடித்தனம் நடத்துகிறது. கூரைக்கு வெப்பம் தடுக்கும் பூச்சு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. இரண்டும் போட்டால் மின்சாரமும் மிச்சம், செலவில் ஒரு பகுதியை வருமான வரியிலும் கழித்துக்கொள்ளலாமாம். ஏப்ரலோடு சலுகை முடிகிறது. இன்று விண்ணப்பம் போட்டுவிட்டேன். அப்பா வீட்டை இரண்டாக்கி நடுவில் சுவர் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இருக்கிறானே என் தம்பி, அவனிடம் மூச்சுவிடவில்லை. வேகட்டும்.

என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "உன் பாதிக்கு நிழல், அவன் பாதிக்கு வெயிலா? மேகம்கூட இவ்வளவு கணக்குப் பார்க்காது." இவருக்கு எல்லாமே நக்கல்.

மார்ச் 13, வியாழன்

நிராகரித்துவிட்டார்கள்! பத்தாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள், ஒரு விண்ணப்பத்தில் தோற்பேனா? நேராக வரி அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மேடம், இதே கூரைக்கு உங்களுக்கு முன்னாடியே இன்னொருத்தர் போட்டிருக்காரு. நடுவுல சுவர் இருந்தாலும் கட்டடம் ஒண்ணுதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணாப் போடுங்க" என்றாள்.

தம்பி! அந்த ஊமைக்கோட்டான்! எனக்குத் தெரியாமலே! (நானும் அவனுக்குத் தெரியாமல்தான் போட்டேன். அது வேறு விஷயம்.) அளவெடுக்க வந்த கூரை வேலைக்காரர் இரண்டு வீட்டிலும் காபி குடித்துவிட்டு, இரண்டு பேரிடமும் வாயைத் திறக்காமல் போயிருக்கிறார். கில்லாடி.

மார்ச் 14, வெள்ளி

பேச மாட்டேன். மூன்று வருஷமாகப் பேசவில்லை, இப்போது மட்டும் என்ன? பாகம் பிரித்த அன்று, பத்திரம் எழுதுகிறவர் முன்னால் என்ன கேட்டான்? "உன்னைத்தான் கட்டிக்கொடுத்தாச்சே, உனக்கு இந்த வீட்ல என்ன வேலை?" பாதியைக் கொடுத்தான், சரி. அந்த வார்த்தையை யாரு திரும்ப எடுத்துக்கிறது? இவனுக்குத் தலை சீவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போனது யாரு? நானாப் போய் அவன் வாசல்ல நிக்கணுமா? ச்சே, எழுதும்போதே அழுகை வருது. போதும்.

மார்ச் 22, சனி

"மாமா இருக்காரா?" என்று வாசலில் நிற்கிறான். எதிரே நான் ஒருத்தி நிற்கிறேன்! உள்ளே வந்து அவரிடம், "சேர்ந்து போட எனக்குச் சம்மதம்னு சொல்லிடுங்க மாமா" என்றான். நானும் அவரிடமே, "எனக்கும்தான்னு சொல்லிடுங்க" என்றேன்.

"இந்தத் தபால்காரர் வேலைக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார் இவர். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கூரை வேலை முடிந்தது. தம்பி பக்கம் ஒரு பூச்சு அதிகமாகத் தெரிகிறது. இருக்காது.

ஏப்ரல் 12, சனி

வீட்டில் எங்கே காற்று கசிகிறது என்று சோதிக்கும் பொறியாளர் வந்தார். வாசலில் பெரிய விசிறியை மாட்டிவிட்டு, கையில் புகை விடும் குழாயோடு அறை அறையாகப் போனார். ஜன்னல்கள் தேறிவிட்டன. என் அலமாரிக்குப் பின்னால் மட்டும் புகை சுவருக்குள் புகுந்தது. பழைய ஒயர் போன ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி மனைவியின் குரல்: "அண்ணி, புகை இங்க வருது! எல்லாருக்கும் டீ போடட்டுமா?"

அட கடவுளே! மூணு வருஷமா இந்தப் பக்கம் நான் திட்டினதெல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கு! மானம் போச்சு.

"உள்சுவர்தானே, இது கசிவுல சேராது" என்றார் பொறியாளர். பிறகு, "வரிச் சலுகைச் சான்றிதழ்ல வீட்டுக்காரங்கன்னு ஒருத்தர் பேர்தான் வரும். யார் பேர் போடட்டும்?" என்று கேட்டார்.

தம்பியும் பக்கத்தில்தான் நின்றிருந்தான். என்னைப் பார்க்கவேயில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அக்கா வீடு சார் இது. அவங்க பேரையே போடுங்க."

சமையலறைக்குள் போய்விட்டேன். தண்ணீர் குடிக்கத்தான்.

மே 18, ஞாயிறு

வெளியே வெயில் கொளுத்துகிறது. மத்தியானம் தம்பி வந்து எங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டான். அவன் பக்கம் புழுக்கமாம். ஒரே கூரை, ஒரே பூச்சு, ஒரே கண்ணாடி!

"யார்கிட்டடா புளுகுற?" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒரு தலையணை குடுக்கா" என்றான்.