சத்தம் போடாத செல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, நான் சுகம்தான். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நேற்று ஆய்வகத்தில் ஒரே கூத்து. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே பெராக்சைடு, அதை நான் தட்டில் வளர்க்கும் உயிர்ச்செல்களுக்குப் பத்து மடங்கு ஊற்றிவிட்டேன். எல்லாம் வெடித்துச் செத்தன. அளவாக ஊற்றியிருந்தால், ஒவ்வொரு செல்லும் அதன் அரிப்பை முடிந்தவரை தாங்கி, முடியாதபோது பக்கத்துச் செல்லுக்குத் தொந்தரவில்லாமல் சுருங்கி மடிந்திருக்கும்.

கை ஏன் தவறியது தெரியுமா? அதற்குச் சற்றுமுன்தான் அக்கா போனில், "அப்பா மயங்கி விழுந்துட்டாரு, உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு" என்றாள்.

மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஞாயிறுகளில் பத்து நிமிடம் கூடுதலாகப் பேசுங்கள். இங்கே நான் தமிழ் பேசுவது செல்களிடம்தான், அவையும் போய்விட்டன.

பேருந்து வந்துவிட்டது. முடியவில்லை என்றால் கத்துங்கள் அப்பா. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உங்கள் பக்கத்துச் செல் நான்தான்.

உங்கள் சின்னவள்