அம்மா பேசிய இசைத்தட்டு

ஜனவரி 9, 1984, திங்கள்

குளிரில் நான் ஓட்டும் பள்ளி பஸ் கிளம்பவே இல்லை. பிள்ளைகளைத் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, எல்லாரிடமும் திட்டு வாங்கி, வீடு வந்தேன். மாடி வீட்டு ஆர்லீன் என் அம்மாவுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

"பேசாட்டி என்ன, முறைக்கிறதுல ஒரு குறையும் இல்ல" என்றாள் ஆர்லீன்.

ஜனவரி 19

இன்று நடந்ததை எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் பியானோக்காரர் லூஷியஸ் டென்பியின் அந்தப் பழைய பாட்டு வந்தது. பாட்டு என்று சொல்வதா? எலெக்ட்ரிக் பியானோ, புல்லாங்குழல், நடுவே என் அம்மாவின் பேச்சு. பல வருஷங்களுக்கு முன், என் தம்பி எஸல் நண்பன் வீட்டில் தங்கப் போன இரவு, அந்த நண்பன் குடியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. வாடகை தராமல் யாரும் பின்பக்கமாகச் சாமானைக் கடத்திவிடக் கூடாதென்று கட்டடக்காரன் பின் கதவில் சங்கிலி போட்டிருந்தான். எஸல் அந்தப் படிக்கட்டிலேயே செத்துப்போனான். கட்டடக்காரன் அபராதம் கட்டிவிட்டு வேறு கட்டடம் வாங்கினான். மறு மாதம் டென்பி டேப் மெஷினோடு எங்கள் சமையலறைக்கு வந்தார். கொஞ்ச நாளில் சிகாகோ முழுக்க, முடிவெட்டும் கடை வரைக்கும், என் அம்மாவின் குரல்.

நான் அதை முழுதாகக் கேட்டதே இல்லை. ரேடியோவில் வந்தால் அம்மாவே எழுந்து போய் அணைத்துவிடுவாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அவளுடைய துக்கத்தை அந்த ஆள் திருடி விற்றுவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று அணைக்க நான் போனேன். கையெல்லாம் சோப்பு நுரை. அதற்குள் முதுகுக்குப் பின்னால், நாற்காலியிலிருந்து—

"பின் கதவுல சங்கிலி."

இரண்டு அம்மாக்கள். ரேடியோவில் ஒருத்தி, நாற்காலியில் ஒருத்தி. அதே வேகம். அதே இடத்தில் நிறுத்தம்.

"யார் போட்டது? வாடகை வாங்குற கை போட்டது."

ஜனவரி 20

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மாள் ஆச்சரியப்படவே இல்லை. ஆழமாகப் பதிந்தது முதலில் வெளியே வருமாம். சந்தோஷப்படச் சொன்னாள்.

சந்தோஷமா இது?

பிப்ரவரி 2

அந்த வார்த்தைகள் மட்டும்தான். காபி வேணுமா என்றால் "யார் போட்டது?" போர்வை வேணுமா என்றால் "பின் கதவுல சங்கிலி." இன்று பயிற்சி அம்மாள், "நம்ம நாட்டை யார் ஆளுறாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

"வாடகை வாங்குற கை."

ஆர்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரியான பதில்தானே, மார்க் போடும்மா." நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

காலையில் தலை வாரும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எஸல் படியில இருக்கான்."

அதுவும் அந்த இசைத்தட்டில் வரும் வரிதான். தெரியும். ஆனாலும் கதவைத் திறந்து படியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 25

டென்பி ஒரு மதுக்கடையில் மத்தியானங்களில் பியானோ வாசிப்பதாக ஆர்லீன் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். போனேன். இசைத்தட்டின் அட்டையில் பெரிய தலைமுடியோடு முஷ்டி உயர்த்தி நிற்பவர் எங்கே, இந்த மனிதர் எங்கே. கோட்டு தோளில் தொங்குகிறது. முன்பல் இரண்டைக் காணோம்.

"நீங்கதான் எங்கம்மாவை இப்படி ஆக்கினீங்க" என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் சேர்த்துவைத்தது மொத்தத்தையும் கொட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "நீ வெர்னிட்டாதானே? நான் வந்த அன்னைக்கு உன்னைக் கடைக்கு அனுப்பிட்டாங்க."

"அதுக்கென்ன இப்போ?"

"தட்டுல வந்தது கொஞ்சம்தான். முழு டேப்பும் என்கிட்ட இருக்கு. கேட்டுட்டுத் திட்டு. இன்னும் நல்லா திட்டலாம்."

மார்ச் 4, ஞாயிறு

அம்மாவை ஆர்லீன் சர்ச்சுக்குக் கூட்டிப் போயிருந்தாள். டென்பி மெஷினைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அன்றைக்கு வைத்த அதே சமையலறை மேஜையில் வைத்தார்.

டேப்பில் அம்மா சொல்ல ஆரம்பிக்கிறாள். குரல் உடைகிறது. பிறகு:

"நிறுத்து தம்பி. அழுகை வந்துடுச்சு. நான் அழுதா பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்குப் பாவம் வேணாம். மறுபடி சொல்றேன்."

மறுபடி சொல்கிறாள். அதுவும் பிடிக்கவில்லை. "வாடகைக்கு முன்னால ஒரு நிறுத்து நிறுத்தணும். நம்ம பாதிரியார் காணிக்கை கேக்கும்போது நிறுத்துவாரே, அப்படி." சிரிக்கிறாள். எஸல் போனபிறகு அம்மா சிரித்து நான் கேட்டதில்லை. "அப்புறம் உன் புல்லாங்குழல்காரன்கிட்டச் சொல்லிவை, என் பேச்சு மேல ஏறக் கூடாது."

திருடினானா? இவள் அல்லவா அவரை வேலை வாங்கியிருக்கிறாள்!

கடைசியில் டென்பியின் இளம் குரல்: "உங்க பொண்ணு கேட்டா என்ன சொல்வாங்க?"

"அவ வர்றதுக்குள்ள முடிச்சிடு. தீக்குச்சி கிழிச்சாக்கூட நடுங்குறா அவ. இது அவ காதுல விழாம நான் பாத்துக்கறேன்."

எனக்காகத்தான் ரேடியோவை அணைத்திருக்கிறாள். அத்தனை வருஷமும். நான் அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவள் எனக்காக. இரண்டு பேருமாகச் சேர்ந்து எஸலை வீட்டுக்குள் விடாமலே வைத்திருந்தோம்.

டென்பியைத் திட்டவில்லை. வறுத்த மீனும் சோள ரொட்டியும் வைத்தேன். பாதி சாப்பிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். போகும்போது அந்த இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உறைகூடப் பிரிக்காதது.

மார்ச் 18

"உப்பு."

அம்மா சொன்னாள். இசைத்தட்டில் இல்லாத வார்த்தை. கஞ்சியில் உப்பு இல்லை, உண்மைதான்.

மார்ச் 27

உப்பு, ஜன்னல், குளிர். நேற்று "போதும் ஆர்லீன்". ஆர்லீனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, என் பேர்தான் முதல்ல" என்று மாடிப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 3

"பின் கதவுல..." என்று நானே ஆரம்பித்துப் பார்த்தேன். காத்திருந்தேன். என்ன கேட்கிறாய் என்பதுபோல அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

அந்தப் பேச்சு போய்விட்டது.

ஏப்ரல் 15, ஞாயிறு

பத்து நாளுக்கு மேலாக வீட்டில் எஸல் பெயர் கேட்கவில்லை. இதைத்தானே கேட்டேன் கடவுளிடம்? பிறகு ஏன் பூட்டில் சாவியைப் போடுவதற்கு முன் நின்று காதைத் தீட்டுகிறேன்?

சாப்பிட்டபிறகு அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு, ஆர்லீனின் ரெக்கார்ட் பிளேயரைக் கடன் வாங்கி வந்தேன். உறையைக் கிழித்து ஊசியை வைத்தேன். முதலில் பியானோ. புல்லாங்குழல் ஒதுங்கியே நிற்கிறது, சொன்னபடி. பிறகு அவள். அணைக்கவில்லை. எஸல் படியில் நிற்கும் வரி வந்தபோதுதான் பொறுக்கவில்லை. சத்தத்தையாவது குறைக்கலாமென்று போனேன்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. தட்டிலிருக்கும் குரல் இல்லை. குழறல், வயதான குரல்.

"குறைக்காதே, வெர்னி."