காலியாக விட்ட கட்டம்

அன்புள்ள பேரனுக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. உனக்கு இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரியாமல் மனசுதான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. உனக்கு முன்னால் இதைப் படிக்கும் ஜெயில் ஐயாவுக்கும் வணக்கம். எழுத்து கோணலாக இருக்கும், அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. இருந்தாலும் இது நானே எழுத வேண்டிய விஷயம்.

நாலு செவ்வாய்க்கிழமை வந்து கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் காவலர், "வரமாட்டேங்கிறான் பாட்டி, வீட்டுக்குப் போங்க" என்றார். கடைசித் தடவை அவருக்கே பொறுக்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உன்மேல் தப்பில்லை ராசா.

வீடு பார்க்க வந்த அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சிறைத்துறையும் அந்தத் தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் உன் பெயர் வந்திருக்கிறது, மிச்சத் தண்டனையை வெளியில் கழிக்கலாம், மரப்பட்டறையில் வேலை, வாராவாரம் ஆள் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தாய். வீடு பார்க்க வருவார்கள் என்றும் சொன்னாய். வந்தார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மாவும் அவருடைய சம்பந்தியும் துணி தைக்கக் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீ கப்பலில் வேலை பார்ப்பதாக இரண்டு வருஷமாக அந்தத் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தேன். சம்பந்தியம்மாளிடமும் அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். கழுத்தில் அட்டையோடு ஒரு அம்மா வாசலில் நின்று, உன் பெயரைச் சொல்லி, "அவரோட பாட்டி நீங்கதானே?" என்றார். "அப்படி யாரும் இங்க இல்லைம்மா, விலாசம் தப்பு" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் சுவரில் உன் படம் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளில் என்னவோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

துணி கொடுக்க வந்தவர்களை அனுப்பிவிட்டு, அவரைப் பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. மறுபடியும் வருவார்கள் என்று காத்திருந்தேன். 'குடும்பத்தார் ஏற்க மறுப்பு' என்று கடிதம்தான் வந்தது. உன் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அந்த வரியை உனக்கும் படித்துக் காட்டினார்களாம். முதல் தடவை வெளியே வந்தபோது வேலை கொடுக்க ஆளில்லாமல்தான் மறுபடி அடுத்தவர் பொருளில் கை வைத்தாய். அதற்குத் தண்டனையும் அனுபவித்துக்கொண்டிருக்கிறாய். நீ வெளியில் இருந்திருக்க வேண்டிய இந்த மூன்று மாதம் மட்டும் நான் வாங்கிக் கொடுத்தது.

போன வாரம் இரண்டு பஸ் மாறி அந்தத் தொண்டு நிறுவன ஆபீசுக்குப் போனேன். அந்த அம்மா திட்டுவார் என்று பயந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, "பாதி வீட்டுல இப்படித்தான் சொல்றாங்க பாட்டி. நானும் அட்டையக் கழட்டிட்டு வந்திருக்கணும்" என்றார். அதற்கு அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. பதினெட்டாம் தேதி ஜெயில் அதிகாரிகளும் இவர்களும் ஒன்றாக உட்கார்ந்து அடுத்த தடவைக்குப் பெயர் எடுப்பார்களாம். உன் புது மனுவில் எல்லாம் எழுதியிருக்கிறாய், வீட்டு விலாசக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாய் என்றார். "அத நாங்க எழுத முடியாது, ஜெயில்காரங்களும் எழுத முடியாது. அவன் கையாலதான் எழுதணும்" என்றார்.

பழைய வீட்டில் இப்போது நான் இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "ஓ, கப்பல் அங்கதான் நிக்குதா?" என்று சிரித்தார். சாயங்காலமே காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வீடு கேட்டு ஏறின இரண்டு வாசலிலும் உள்ளதைச் சொன்னேன், முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர்தான், "என்கிட்ட திருடறதுக்குப் பஞ்சரான டியூப்தான் இருக்கு, வரச் சொல்லுங்க" என்று மாடி அறையைக் கொடுத்தார். மரப்பட்டறைக்குப் பின் தெரு, சைக்கிள் கடை மாடி. ஜன்னலைத் திறந்தால் மரம் இழைக்கிற இழைப்புளிச் சத்தம் கேட்கிறது.

என் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதையும் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன். வாரத்தில் ஒரு நாள், அவர் வந்து பார்க்கிற நேரத்துக்கு நான் இருந்தால் போதுமாம். மற்ற நாளெல்லாம் உன் அத்தை வீட்டில் இருந்துகொள்கிறேன். அவளிடமும் சொல்லியாகிவிட்டது. சமைத்து மூடி வைத்துவிட்டு, சாவியைக் கீழே கொடுத்துவிட்டுப் போவேன்.

பதினெட்டாம் தேதிக்குள் அந்தக் கட்டத்தில் இந்த விலாசத்தை எழுதிவிடு ராசா. எனக்காக வேண்டாம், உனக்காக எழுது. விலாசத்துக்குக் கீழே 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் என்ன போடுவது என்பது உன் இஷ்டம்.

நீ நன்றாக இருந்தால் போதும் என்று கும்பிடும்,
உன் பாட்டி