மருந்தடித்த காட்டில் ஒரு சிவப்புத் துணி

மண்ணுக்குள் போன பிறகும் களையைக் கண்டால் கை துறுதுறுக்கும் என் அம்மாவுக்கு,

நீ களை வெட்டிய கடலைக்காட்டில் இப்போது நான் களை மருந்து அடிக்கிறேன். கோபப்படாதே. வாரம் முழுக்க அருள்புரம் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் முதுகில் மருந்து டேங்க். களைக்கொத்து போய்விட்டதென்று ஊரில் பலர் ஒப்பாரி வைக்கிறார்கள். நான் வைக்க மாட்டேன். உன் முதுகு நேராக இருந்து நான் பார்த்ததே உன்னைப் பாடையில் கிடத்தியபோதுதான்.

வேலைக்கு ஆளே வருவதில்லை என்பதுதான் இப்போது நிலம் வைத்திருக்கும் காட்டுக்காரர்களின் ஒரே பேச்சு. ஆள் எங்கும் தொலைந்துவிடவில்லை. காலையில் கம்பெனி வேன் வருகிறது, நம் வீதிப் பெண்கள் ஏறிப் போகிறார்கள். அதுவும் ஒன்றும் சொர்க்கமில்லை. சூப்பர்வைசர் திட்டுவதைக் கேட்டால் உனக்கே வாய் கூசும். ஆனாலும் அங்கே யாரும் சிரட்டையில் தண்ணீர் ஊற்றித் தருவதில்லை. ஏன் போனார்கள் என்று கேட்கிறவர்கள், இருந்தபோது எப்படி வைத்திருந்தோம் என்று ஒருநாளாவது கேட்டுக்கொண்டார்களா?

மருந்து நன்றாக வேலை செய்கிறது, அம்மா. கடலை முளைத்து, களை சின்னதாக இரண்டு மூன்று இலை விட்டிருக்கும்போது, நிலத்தில் ஈரம் பார்த்து அடிக்க வேண்டும். கடலைக்கு ஒன்றும் ஆகாது. களை மட்டும் வளர்ச்சி நின்று, மெல்ல மஞ்சளாகிச் சாகும்.

அந்த ‘மெல்ல’தான் வம்பு. அடித்த பிறகும் சில நாள் களை பச்சையாகவே நிற்கும். களையோடு களையாக முளைக்கும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் பறிக்க இளசாக இருப்பதும் அதே நாட்களில்தான். இதை உனக்குச் சொல்லவா வேண்டும்? களை வெட்டிவிட்டு நீ மடி நிறையக் கீரையோடு வருவாய். அன்று ராத்திரி நம் வீட்டில் குழம்பு இருக்கும்.

உன்னோடு எப்போதும் ஜோடி சேர்ந்து களைக்குப் போன சரசு பெரியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. கம்பெனியில் சேர்த்துக்கொள்ளவில்லை. ரெண்டு ஆட்டை வைத்துக்கொண்டு, காட்டில் கிடைக்கும் கீரையையும் புல்லையும் நம்பி இருக்கிறாள். அவளுக்காகத்தான் போன மாதம் ஒரு சண்டை போட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரும் படிக்கட்டும்.

நீ ‘சாமி’ என்று கூப்பிட, உன்னைவிட இளையவராக இருந்தும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரே, அந்தக் காட்டுக்காரரோடுதான். மருந்து கலக்கும் முன்பே அவரிடம் சொன்னேன், வீதியில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று. அடித்த காட்டில் கொஞ்ச நாளைக்கு ஆடு மாடு விடக்கூடாது, எதையும் பறிக்கக்கூடாது என்று மருந்துக்கடையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

“என்ற காட்டுக்கு நான் மருந்தடிக்கறதுக்கு உங்க வீதியக் கேக்கோணுமா?” என்றார்.

பாதிக் காடு அடித்திருப்பேன். அடித்து முடித்த கோடியில் சரசு பெரியம்மா குனிந்திருந்தாள். நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் கையில் கீரை ஒரு பிடி இருந்தது. மருந்தடித்திருக்கிறது, கீழே போடுங்கள் என்றால் நம்பவில்லை.

“பச்சையாத்தான கண்ணு நிக்குது?”

கையைக் கழுவச் சொல்லி அவளை அனுப்பினேன். காட்டுக்காரர் வரப்பில் நின்றபடி, “கீரை திருட வர்றவளுக்கெல்லாம் தண்டோராப் போட்டுட்டு இருப்பியா நீயி?” என்றார்.

திருட்டு. அந்த ஒரு சொல்தான், அம்மா. உங்களைக் களைக்குக் கூப்பிட்ட காலம்வரை, நீங்கள் கீரை கொண்டுபோனதை ஒருவரும் கேட்டதில்லை. குறைந்த கூலிக்கு அது ஒரு சால்ஜாப்பாக இருந்தது. கூலி நின்ற மறுநாள் அதே கீரை திருட்டாகிவிட்டது.

டேங்கை இறக்கி வைத்தேன். வீதியில் சொல்லாமல், அடித்த காடு என்று அடையாளம் வைக்காமல், மீதியை அடிக்க மாட்டேன் என்றேன்.

“உன்னைய உட்டா எனக்கு ஆளில்லையாக்கும்?”

“கூப்புட்டுப் பாருங்க.”

செல்போனை எடுத்துக் கூப்பிட்டார். ஒருவன் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் இருந்தான். இன்னொருவனுக்குக் கம்பெனியில் ஷிப்மெண்ட், ஞாயிறும் ஓவர்டைம். நான் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தேன், அவர் எதிரிலேயே. களை காத்திருக்காது; அந்த வாரம் தப்பினால் பெரிதாகிவிடும், பிறகு மருந்து கேட்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெயில் ஏறியது. “என்னத்தையோ கட்டித் தொலை” என்றார்.

முகத்தில் கட்டிக்கொள்ளக் கம்பெனியிலிருந்து எடுத்து வந்த சிவப்புக் கட்டிங் வேஸ்ட் துணி பையில் இருந்தது. கிழித்து, குச்சியில் கட்டி, காட்டைச் சுற்றி நட்டேன். வீதியிலும் போய்ச் சொன்னேன். இப்போது பக்கத்துக் காடுகளில் வேறு ஆள் மருந்தடித்தாலும் சிவப்புத் துணி நிற்கிறது. வேனில் போகும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, எந்தக் காட்டில் அடித்திருக்கிறது என்று வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறார்கள்.

இதை என் வீரம் என்று நினைத்துவிடாதே. நீ கொத்தைக் கீழே போட்டிருந்தால் அதை எடுக்க உன் பின்னால் பத்துப் பேர் பசியோடு நின்றிருப்பார்கள். என் பின்னால் யாருமில்லை. உன்னிடம் இல்லாத வாய் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அது இருக்கும்போதே பேசிவிட வேண்டாமா?

ஆனால் சரசு பெரியம்மா விடவில்லை. துணியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “துணி கட்டிட்டே, செரி. கொழம்புக்கு நான் எந்தக் காட்டுக்குப் போறதுன்னு சொல்லு.”

உள்ளதை அப்படியே சொன்னேன். களையைக் கொன்றால் கீரையும் சாகும். அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

இப்போது பதில் இருக்கிறது. அடுத்த விதைப்புக்கு முன்பே அந்தக் காட்டுக்காரரிடம் போகிறேன். வரப்பை ஒட்டி நாலு வரிசை மருந்தில்லாமல் விட வேண்டும். அதில் பெரியம்மா கையால் களை எடுப்பாள். கூலியும் அவளுக்கு, கீரையும் அவளுக்கு. சம்மதித்தால்தான் மீதிக் காட்டுக்கு டேங்கைத் தூக்குவேன். சிரிப்பார், திட்டுவார், மறுபடியும் செல்போனை எடுப்பார். எடுக்கட்டும். அவர் எல்லாரையும் கூப்பிட்டு முடிக்கும்வரை நான் அந்த வரப்பைவிட்டு எழுந்திருக்க மாட்டேன், அம்மா. இது உன்மேல் சத்தியம்.

உன் மூத்த மகன்,
பழனி